மூன்று கதவுகளும் ஆயிரம் கலாநிதிகளும்

1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, அமெரிக்காவின் ஞாயிறு பத்திரிகைகளுடன் இணைப்பாக வெளிவந்துகொண்டிருந்த 'பரேட்' சஞ்சிகையின் கேள்வி-பதில் பகுதியில் வாசகர் ஒருவரின் புதிர் பிரசுரமாகியது. உங்கள் முன்னால் மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார்; ஏனைய இரண்டின் பின்னாலும் ஆடுகள். நீங்கள் முதலாவது கதவைத் தெரிவு செய்கிறீர்கள். எதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிந்த நிகழ்ச்சி நடத்துனர் மூன்றாவது கதவைத் திறக்கிறார். அங்கே ஓர் ஆடு நிற்கிறது. "இரண்டாவது கதவுக்கு மாற விரும்புகிறீர்களா?" என்று உங்களிடம் கேட்கிறார். மாறுவதால் நன்மை உண்டா?

உண்டு என்று பதில் எழுதினார், அந்தப் பகுதியை நடத்திய மரிலின் வொஸ் சவன்ட் என்ற பெண்மணி. மாறினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. மாறாதிருந்தால் மூன்றில் ஒன்று.

அதன் பின்னர் நடந்தது பத்திரிகைத் துறையில் இருப்போர் எவரும் மறக்க முடியாதது. ஏறத்தாழ 10,000 கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவற்றில் கலாநிதிப் பட்டம் பெற்றோர் கையொப்பமிட்டிருந்தனர். மிகப் பெரும்பாலானோர் கூறியது ஒன்றையே: விடை தவறு, இரண்டு கதவுகள் எஞ்சியிருக்கையில் வாய்ப்பு சரிபாதிதான். சிலர் கண்ணியமாக எழுதினர். சிலர் ஏளனம் செய்தனர். கணித அறிவின்மையை நாட்டில் பரப்பாதீர்கள் என்று அறிவுரை கூறியோரும் உண்டு. ஆனால் சரியாகச் சொன்னவர் அந்தப் பெண்மணியே!

இதனை விளங்கிக்கொள்ள உயர் கணிதம் வேண்டியதில்லை. இந்த விளையாட்டை 300 தடவைகள் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் தெரிவிலேயே காரைப் பிடிப்பது ஏறக்குறைய 100 தடவைகள். மற்ற 200 தடவைகளிலும் உங்கள் கையில் இருப்பது ஆட்டின் கதவு. அந்த 200 தடவைகளிலும், நடத்துனருக்குத் திறப்பதற்கு வேறு வழியில்லை. எஞ்சிய ஒரே ஆட்டைத்தான் அவர் காட்டியாக வேண்டும். ஆகவே அவர் திறக்காமல் விட்ட கதவின் பின்னால் கார் இருக்கிறது. மாறுபவர் 200 தடவைகள் வெல்கிறார். மாறாதவர் வெல்வது 100 தடவைகள் மட்டுமே.

இனி ஒரேயொரு நிபந்தனையை மாற்றிப் பாருங்கள். நடத்துனருக்கு எதுவும் தெரியாது. மற்ற இரு கதவுகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறார். அந்த 200 தடவைகளில் 100 தடவைகள் அவர் காரையே திறந்துவிடுவார், ஆட்டம் கெட்டுவிடும். ஆடு தென்பட்ட ஆட்டங்களை மட்டும் எண்ணினால் இந்தப் பக்கம் 100, அந்தப் பக்கம் 100. இப்போது சரிபாதி என்பதே சரியான விடை! கண்ணுக்குத் தெரியும் காட்சி இரண்டிலும் ஒன்றுதான்: திறந்த கதவு, அதில் ஓர் ஆடு. விடையை மாற்றுவது, கதவைத் திறந்தவருக்கு என்ன தெரியும் என்பது. கடிதம் எழுதிய கலாநிதிகளில் பலர் கணக்கில் பிழைவிடவில்லை என்றே நான் கருதுகிறேன். அவர்கள் கேள்வியை முழுமையாக வாசிக்கவில்லை. எம்மிடம் செய்தி கொண்டுவந்து தருபவர்கள் விடயத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே அல்லவா?

இந்த வகைப் போட்டியைத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் நடத்திய மொன்ரி ஹோல் இதனை நன்கறிந்திருந்தார். 1991 ஜூலையில் 'நியூயோர்க் ரைம்ஸ்' அவரைச் சந்தித்தபோது, கதவைத் திறந்து காட்டவேண்டும் என்ற கட்டாயம் நடத்துனருக்கு இல்லையென்றால் கணக்கே வேறாகிவிடும் என்பதை அவர் ஆடியே காட்டினார். காரைத் தெரிவு செய்தவருக்கு மட்டும் மாறும்படி ஆசை காட்டினால், மாறுபவர் ஒவ்வொரு தடவையும் ஆட்டுடன்தான் வீடு செல்வார்.

ஹங்கேரியின் கணித மேதை போல் ஏர்டிஷ் கூட முதலில் இந்த விடையை ஏற்க மறுத்தார். நண்பர் ஒருவர் கணினியில் பல தடவைகள் ஆடிக் காட்டிய பின்னரே அரைமனதுடன் ஒப்புக்கொண்டார். அப்போதும் அவருக்குத் திருப்தியில்லை. எண்ணிக்கை சரி, ஆனால் ஏன் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லையே என்பது அவரது மனக்குறை. அந்த மனக்குறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எமது நாட்டில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான நுண்ணறிவு வினாக்களைக் கூட, மாதிரி வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்வித்து மனனம் செய்விக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. சிந்திப்பதற்கென ஆக்கப்பட்ட வினா, பழக்கத்தால் நிரப்பப்படும் கட்டமாகிறது. பிள்ளையிடம் "விடை என்ன?" என்று கேட்கிறோம். "எப்படி வந்தது?" என்று கேட்க எமக்கு நேரமில்லை. பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களும் இதற்கு விதிவிலக்கல்ல; புதிரைப் போட்டு, அதன் விடையைத் தலைகீழாகச் சிறிய எழுத்தில் அச்சிடுவதுடன் எமது கடமை முடிந்துவிடுகிறது.

'எமது' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. நான் இளம் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. 30 அடிக் கிணற்றில் விழுந்த தவளை பகலில் 3 அடி ஏறுகிறது, இரவில் 2 அடி சறுக்குகிறது. எத்தனையாவது நாளில் மேலே வரும் என்ற பழைய புதிரைப் போட்டு, நாளுக்கு ஓரடி வீதம் 30 நாட்கள் என்று விடையும் அச்சிட்டுவிட்டேன். ஒப்புநோக்காளரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு மாணவியிடமிருந்து தபாலட்டை வந்தது. 27 நாட்களில் தவளை 27 அடியில் இருக்கும். 28ஆம் நாள் பகலில் 3 அடி ஏறியதும் அது வெளியே வந்துவிடும், பின்னர் சறுக்குவதற்கு ஏது கிணறு என்று கேட்டிருந்தாள். கிணற்றின் படத்தையும் பென்சிலால் வரைந்திருந்தாள்.

பிள்ளைகள் பக்கத்தில் போய் திருத்தம் எதற்கு என்றார் எனக்கு மேலிருந்தவர். நானும் வாதாடவில்லை. தபாலட்டை மேசை இலாச்சிக்குள் போனது. அடுத்த வாரம் வேறொரு புதிர் வந்தது. மரிலின் வொஸ் சவன்ட் அந்த மூன்று கதவுகளுக்காக மேலும் மூன்று தடவைகள் தமது பகுதியை ஒதுக்கினார். பாடசாலைப் பிள்ளைகளை வகுப்பறையில் ஆடிப் பார்க்கும்படி கேட்டு, அவர்கள் அனுப்பிய முடிவுகளையும் வெளியிட்டார். அந்த மாணவிக்கு இப்போது ஐம்பது வயதைக் கடந்திருக்கும். 28 நாட்கள் என்பதே சரியான விடை.