துரை கூப்பிட்டால் பொலிஸ் வரும்

சட்டம் படிக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால் 'செல்வநாயகம் எதிர் மன்னர்' என்ற வழக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அத்துமீறி நுழைதல் என்ற குற்றத்தைப் படிக்கும்போது இந்தப் பெயர் வரும். (தந்தை செல்வா இல்லை, அவசரப்படாதீங்க.) இந்தச் செல்வநாயகம் கேகாலை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளி. அவர் செய்த 'குற்றம்' தன் லயத்துக் காம்பராவை விட்டுப் போகாமல் இருந்தது. அவ்வளவுதான்.

இடம் நேவ்ஸ்மியர் தோட்டம். நம்ம ஆட்கள் உருளவள்ளி என்று சொல்வார்கள். 1946 இல் கிராம விஸ்தரிப்புக்காக அரசு அந்தத் தோட்டத்தை எடுத்தது. அப்போது காணி, விவசாய அமைச்சர் டி. எஸ். சேனாநாயக்க. சுற்றியிருந்த சிங்களக் கிராமங்களில் காணி இல்லாதவர்கள் இருந்தது உண்மை, அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர்களுக்குக் காணி கொடுப்பதற்காக, தோட்டத்தையே ஊராக நினைத்து வாழ்ந்த தொழிலாளர்களை வெளியே போகச் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. கேகாலைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அரசு கையில் எடுத்தது குற்றவியல் சட்டத்தை. அதாவது காணிப் பிரச்சினையை பொலிஸ் கேஸாக மாற்றியது.

அந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950 இல் வந்த தீர்ப்பு தண்டனையை ரத்துச் செய்தது. ஒருவர் இருப்பதால் இன்னொருவருக்கு எரிச்சல் வரும் என்று அவருக்குத் தெரிந்திருப்பது வேறு, எரிச்சலூட்டுவதற்கென்றே அவர் அங்கே இருப்பது வேறு. தன் வீட்டில் தொடர்ந்து இருக்க நினைத்தவரை அதற்காகக் குற்றவாளியாக்க முடியாது. இதுதான் தீர்ப்பின் சாரம். இடத்தைக் காலி பண்ண வேண்டுமென்றால் அதற்கு சிவில் வழக்கு இருக்கிறது, பொலிஸ் கேஸ் குறுக்கு வழி ஆகாது என்று நான் அதை வாசிக்கிறேன். தீர்ப்பு வருவதற்குள் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, காம்பராவை மட்டும் இல்லை, நாட்டையே நம்ம ஆட்களிடமிருந்து பறித்துவிட்டது என்பது தனிக் கதை.

தோற்ற அரசு சும்மா இருந்ததா? எழுபதுகளில் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1979 இல் 7 ஆம் இலக்கச் சட்டமாக அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டம் வந்தது. அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். 'தகுதிவாய்ந்த அதிகாரி' ஒருவர் வெளியேறச் சொல்லி நோட்டீஸ் தருவார். அதற்கு முன் உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கிடையாது. நீங்கள் போகாவிட்டால் அவர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு கொடுத்த செல்லுபடியான எழுத்து அனுமதி. அது இல்லையென்றால் வெளியேற்றக் கட்டளை, பிஸ்கால், கூடவே பொலிஸ். தாத்தா பிறந்த காம்பராவுக்கு எழுத்து அனுமதி எங்கே இருந்து வரும்? செக்ரோல் பெயர் வீட்டு உறுதி ஆகுமா?

1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, கூலி கொடுப்பதும் அதே கம்பனி. லயமும் அதன் நிர்வாகத்தில்தான். நுவரெலியா மாவட்டத்து இராகலை ஸ்டாபர்ட் தோட்ட வழக்கில் அந்தத் தகுதிவாய்ந்த அதிகாரி யார் தெரியுமா? தோட்டத்துரைதான். வெளியேறச் சொல்லப்பட்டவர் சோலைமுத்து ராசு. 2013 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த அந்தத் தீர்ப்பை, 13 ஆவது திருத்தத்தில் காணி அதிகாரம் மாகாணத்துக்கா மத்திக்கா என்ற விவாதத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஒரு தோட்டத்து மனிதரின் இருப்பிடத்தில் தொடங்கியது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

என் வாதம் இதுதான். வேலை தருகிறவர், வீடு வைத்திருக்கிறவர், பொலிஸைக் கூப்பிடுகிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நியூயோர்க் நகர வீடமைப்பு அதிகாரசபைக்கு 1995 வரை சொந்தப் பொலிஸ் படையே இருந்தது, பிறகு அதை நகரப் பொலிஸோடு இணைத்தார்கள். அங்கே குறைந்தபட்சம் அது யாருடைய பொலிஸ் என்று எல்லோருக்கும் தெரியும். நம்ம தோட்டத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஒரு போன் கோல் போதும். கூரைத் தகரத்தை மாற்றினாலும் முறைப்பாடு, பிள்ளைக்குக் கல்யாணம் ஆகி ஓரமாக ஒரு அறை இறக்கினாலும் முறைப்பாடு. இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் இது இன்னும் மோசம். நுவரெலியா மாதிரித் தொடர்ச்சியாகத் தோட்டங்கள் இல்லை. இறப்பர் மரங்களுக்கு நடுவே, சிங்களக் கிராமங்களுக்கு இடையே ஒதுங்கிக் கிடக்கும் டிவிசன்கள். ஸ்டேஷனில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும், என்ன எழுதியிருக்கு என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

இந்த அரசே வீடமைப்பையும் பாதுகாப்புப் படையையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்துப் பார்த்திருக்கிறது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ் போனது. அந்த வருட மே மாதம் கொழும்பு கொம்பனித்தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டபோது வாசலில் நின்றது இராணுவம். வீட்டுக்கு அலுவலகம் போய்க் கேள்வி கேட்கலாம், துவக்கிடம் என்ன கேட்பது?

பொலிஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம பக்கத்தில் பொலிஸ் உண்மையிலேயே வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது, அது மழைக்காலம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட்டதும் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை இறக்க கிராம சேவகரும் பொலிஸும் வரத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பொலிஸ் வந்து "வெளியே வாங்க" என்று சொல்கிறது? போன மாதம் துரைக்காக வந்து அதையே சொன்ன பொலிஸ். கதவைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்ப விடுவாங்களா என்று ஒரு பாட்டி யோசிப்பதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியுமா? 1977, 1981, 1983 என்று இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து அடிபட்டு, லயம் எரிந்து, வவுனியா வரை ஓடியவர்களின் ஊர் இது. ஓடினபோது பொலிஸ் எங்கே நின்றது என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. அந்த யோசனையில் போகும் அரை மணி நேரத்தில் மலை இறங்கிவிடும்.

2018 இல் 32 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. ஏழு பேர்ச்சஸ், தனி வீடு என்றெல்லாம் பேச்சு. வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, வீட்டுச் சண்டை வந்தால் யார் வருவார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தோட்டக் குடியிருப்பு விவகாரத்தில் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பொலிஸ் லயத்துக்குள் வரக் கூடாது. கட்டளையோடு வந்தாலும் முன்னால் நிற்க வேண்டியது வீடமைப்பு அதிகாரி, தமிழில் பேசத் தெரிந்தவர், தன் பெயரைச் சொல்கிறவர். ராத்திரியில், மோசமான காலநிலையில், பண்டிகை நாளில், பிள்ளைகளின் பரீட்சை நேரத்தில் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று ஐ.நா.வின் 2007 வழிகாட்டல்கள் சொல்கின்றன. இரத்தினபுரி மழையைத் தெரிந்தவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் அமல்படுத்தினாலே வருடத்தில் பாதி நாள் பிழைத்துக்கொள்வார்கள்.

தோட்டத்துரையைத் தகுதிவாய்ந்த அதிகாரி என்ற இடத்திலிருந்து எடுப்பது அடுத்தது, அதற்குப் பாராளுமன்றம் வேண்டும். மழைக்காக இறக்கப்படும் குடும்பத்தின் கையில் "இந்தக் காம்பரா அல்லது அதற்குப் பதில் வீடு உங்களுடையது" என்று பிரதேச செயலாளர் கையெழுத்திட்ட ஒரு துண்டுத் தாளைக் கொடுக்க, புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.