ஒரு நாவல் வாழவைத்த ஊரும் அதன் அண்டை ஊரும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடற்கரைக்கு அருகே ஃபோர்க்ஸ் என்ற சிற்றூர் உள்ளது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வசிப்போர் 3,335 பேர்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். அது சிங்கப்பூரில் பெய்வதைவிட அதிகம். 'ட்வைலைட்' நாவலைப் படித்தவர்களும் படத்தைப் பார்த்தவர்களும் இந்தப் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். பள்ளி மாணவி பெல்லா, இரத்தக் காட்டேரியான எட்வர்டைச் சந்திப்பது இந்த ஊரில்தான்.

கதாபாத்திரத்தை வைத்துச் சுற்றுலாவை வளர்த்த ஊர்களைப் பற்றிப் பேசும்போது ஃபோர்க்ஸை வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. நானும் அதை மறுக்கவில்லை. ஆனால், அந்த வெற்றியில் யாருக்குப் பங்கு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

மரத்தொழில் சரிந்த பிறகு

ஃபோர்க்ஸ் மக்கள் பல தலைமுறைகளாகக் காட்டுமரங்களை நம்பி வாழ்ந்தவர்கள். அக்காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை, 1990இல் பாதுகாக்கப்படவேண்டிய உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அரசாங்கக் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. வேலைகள் குறைந்தன, ஊர் தளர்ந்தது.

அரிசோனாவில் வசித்த எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயர், தம் கதைக்கு வெயில் அதிகம் படாத, மழை மிகுந்த ஓர் ஊரை இணையத்தில் தேடினார். அப்போது கிடைத்த பெயர்தான் ஃபோர்க்ஸ். அந்த ஊரை நேரில் காணாமலேயே அவர் எழுதத் தொடங்கினார். நாவல் 2005இல் வெளிவந்தது. திரைப்படம் 2008இல் வந்தது. படம் ஃபோர்க்ஸில் எடுக்கப்படவில்லை. ஆனாலும் ரசிகர்கள் தேடி வந்தது இந்த ஊரைத்தான்.

ஊர் மக்கள் அந்த வாய்ப்பை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். வருகையாளர் நிலையத்தில் பெல்லாவின் பழைய சிவப்பு டிரக் போன்ற ஒன்றை நிறுத்தினார்கள். மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில், கதையில் வரும் டாக்டர் கல்லனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். செப்டம்பர் மாதம் பெல்லாவின் பிறந்தநாளையொட்டி ரசிகர் விழாவும் நடக்கிறது. 2010ஆம் ஆண்டில் 70,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். 2012இல் கடைசிப் படம் வெளிவந்த பிறகு கூட்டம் குறைந்தது. ஆனால் வருகை நின்றுவிடவில்லை.

இதில் என்னைக் கவர்ந்தது, அவர்கள் பெரிய முதலீட்டில் கேளிக்கைப் பூங்கா எதையும் கட்டவில்லை என்பதுதான். இருக்கும் விடுதிக்கும் கடைக்கும் ஒரு கதையைச் சேர்த்தார்கள். கூட்டம் குறைந்தபோது ஊர் பெருங்கடனில் மூழ்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

கதையில் இடம்பெற்ற உண்மை மனிதர்கள்

ஃபோர்க்ஸிலிருந்து சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் லா புஷ் என்ற ஊர் இருக்கிறது. அது குவிலியூட் பூர்வகுடி மக்களின் ஊர். நாவலில் வரும் ஜேக்கப் பிளாக் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவன் சார்ந்த குவிலியூட் இனம் கற்பனை அன்று. தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து உருமாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. நாவல் அதை எடுத்து, இரத்தக் காட்டேரிகளோடு மோதும் ஓநாய் மனிதர்களின் கதையாக மாற்றியது. குவிலியூட் மரபில் இரத்தக் காட்டேரிகளே இல்லை.

அந்த இனத்தின் பெயரால் பொருள்கள் விற்கப்பட்டன. ஓர் இணைய நிறுவனத்தின் படக்குழு, அனுமதி பெறாமல் அவர்களுடைய மூத்தோரின் கல்லறைகளைப் படமெடுத்தது. சட்டப் பேராசிரியர் ஏஞ்சலா ரைலி 2010இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இந்தச் சுரண்டலைக் கண்டித்து எழுதினார்.

சட்டம் எங்கே தவறுகிறது? நாவலுக்குப் பதிப்புரிமை உண்டு. அது எழுத்தாளருக்கு உரியது. வாய்மொழியாக வந்த ஓர் இனத்தின் கதைக்கு அத்தகைய உரிமையாளர் இல்லை என்றே பதிப்புரிமைச் சட்டம் கருதுகிறது. 2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உறுப்பு நாடுகள் மரபறிவு தொடர்பான ஒப்பந்தம் ஒன்றை ஏற்றன. ஆனால் அது மரபணு வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் காப்புரிமை விண்ணப்பங்களில் தெரிவிப்பது பற்றியது. மரபுக்கதைகளுக்கு அது பாதுகாப்பு தரவில்லை.

கடல் நெருங்கிய பள்ளி

ரசிகர்கள் லா புஷ் கடற்கரையில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அங்குள்ள பிள்ளைகள் கடலை ஒட்டிய பள்ளியில், சுனாமி வந்தால் எப்படித் தப்புவது என்று பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மேட்டுநிலம் வேண்டும் என்பது அம்மக்களின் நெடுநாள் கோரிக்கை. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம், அருகிலுள்ள ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து அவர்களுக்கு நிலம் கிடைத்தது. அந்த மேட்டில் புதிய பள்ளி 2022இல் திறக்கப்பட்டது. நாவலால்தான் நிலம் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஆயினும், உலகின் கவனம் தங்கள் பக்கம் திரும்பியிருந்தபோது அம்மக்கள் ஓநாய்களைப் பற்றி மட்டும் பேசாமல் தங்கள் நிலத்தைப் பற்றியும் பேசினார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் மதிக்கிறேன்.

நாம் கேட்கவேண்டியவை

சுற்றுலா, ஊடகம், சட்டம் போன்ற துறைகளைப் பயிலும் மாணவர்கள் இதுபோன்ற திட்டத்தை ஆராயும்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. கதை யாருடையது? அதில் பெயர் குறிப்பிடப்பட்ட மக்களிடம் அனுமதி கேட்டார்களா? வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா? ரசிகர்களின் ஆர்வம் தணிந்த பிறகு ஊரிடம் என்ன மிஞ்சும்?

முதல் மூன்று கேள்விகளுக்கு ஃபோர்க்ஸ் மட்டும் பொறுப்பாகாது. எழுத்தாளர், பதிப்பாளர், பட நிறுவனம், பொருள் விற்ற கடைகள் எல்லாருமே பதில் சொல்லவேண்டும். பயணிகளான நமக்கும் ஒரு கடமை உண்டு. கதையில் படித்த ஓர் ஊருக்குச் செல்லும்போது, அங்கு உண்மையில் வாழ்பவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதையும் கேட்டுவிட்டு வரவேண்டும்.