ஒரே வேலை, ஒரே தகுதி: அமெரிக்கத் தாதியரின் சம்பளம் மாநிலத்துக்கு மாநிலம் ஏன் மாறுகிறது?

"அமெரிக்காவில் நர்ஸ் சம்பளம் எவ்வளவு?" என்று டிக்டாக்கில் தேடிப் பாருங்கள். ஒருவர் ஆண்டுக்கு 160,000 டாலர் என்பார். அடுத்த காணொளியில் இன்னொருவர் 100,000 கூட வரவில்லை என்பார். இருவருமே நர்ஸ் பிராக்டிஷனர்கள். இருவருமே முதுநிலைப் படிப்பு முடித்தவர்கள். இருவருமே பொய் சொல்லவில்லை.

ஒருவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார், மற்றவர் டென்னசியில். விஷயம் அதுதான்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் யார்?

சாதாரணப் பதிவு பெற்ற தாதியைவிட ஒரு படி மேலே. நோயாளியைப் பரிசோதிக்கலாம், நோய் என்னவென்று முடிவு செய்யலாம், மருந்து எழுதித் தரலாம். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்ரி சில்வர் என்ற குழந்தைநல மருத்துவரும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் போதாத ஊர்களில் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கிடைக்கவேண்டும் என்பதுதான் அப்போதைய நோக்கம். இன்று அமெரிக்காவில் பலருக்குக் குடும்ப மருத்துவர் மாதிரி இருப்பவரே இவர்தான்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பிரிவு 2022 மே மாதத்துக்கு வெளியிட்ட கணக்கைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் இவர்களின் சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 158,000 டாலர். நியூ ஜெர்சியில் 143,000. டென்னசியில் 100,000க்குச் சற்றுக் கீழே. அதன் பிறகு எல்லா இடத்திலும் சம்பளம் ஏறியிருக்கிறது. ஆனால் யார் மேலே, யார் கீழே என்பது பெரிதாக மாறவில்லை.

"அங்கே விலைவாசி அதிகம், அதனால்தானே?"

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தவறில்லை, ஆனால் பாதிதான் சரி.

கலிஃபோர்னியாவில் வாழ்க்கைச் செலவு தேசியச் சராசரியைவிட சுமார் 12 விழுக்காடு கூடுதல். டென்னசியில் சுமார் 9 விழுக்காடு குறைவு. அதற்கேற்ப இரண்டு சம்பளத்தையும் சரிக்கட்டிப் பார்த்தால், 58,000 டாலருக்கு மேல் இருந்த இடைவெளி 30,000 சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, கலிஃபோர்னியாவில் உண்டு. அதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும்.

அப்படியும் ஒரு பெரிய தொகை மிச்சம் நிற்கிறது. வாடகையும் மளிகை விலையும் அதை விளக்காது.

"அதிகாரம் கூடினால் சம்பளமும் கூடுமா?"

அடுத்து எல்லாரும் சொல்லும் காரணம் இது. அமெரிக்காவில் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை முடிவு செய்வது மாநிலச் சட்டம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே வேலை செய்யலாம். சொந்தமாக மருந்தகம்கூடத் திறக்கலாம். மற்ற மாநிலங்களில் மருத்துவரோடு ஒப்பந்தம் இருக்கவேண்டும். டென்னசி விதிகள், இவர்கள் பார்த்த நோயாளிகளின் பதிவுகளில் குறைந்தது 20 விழுக்காட்டை மருத்துவர் 30 நாளுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்கின்றன. சில மாநிலங்களில் அப்படிக் கையெழுத்து போடும் மருத்துவருக்கு மாதாமாதம் கட்டணமும் கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பணம் யார் பையிலிருந்து போகும் என்று சொல்லவேண்டுமா?

சரி, அப்போ கட்டுப்பாடு குறைந்த மாநிலத்தில் சம்பளம் அதிகமாக இருக்கவேண்டும், இல்லையா? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நாட்டிலேயே அதிகச் சம்பளம் தரும் கலிஃபோர்னியா, நீண்ட காலமாகக் கடுமையான கட்டுப்பாடு இருந்த மாநிலம். 2020இல்தான் அதைத் தளர்த்தும் சட்டம் வந்தது, 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. முழுச் சுதந்திரம் வேண்டும் என்றால் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு காத்திருக்கவேண்டும். மாறாக, 2017இலேயே முழு அதிகாரம் கொடுத்த தெற்கு டகோட்டாவில் சம்பளம் தேசியச் சராசரிக்குக் கீழே.

அதிகாரத்துக்குச் சம்பளத்தில் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் 58,000 டாலர் வித்தியாசத்தை விளக்கும் அளவுக்கு அது பெரியதில்லை.

ஒரு சின்னக் கழித்தல் கணக்கு

நர்ஸ் பிராக்டிஷனரை விட்டுவிட்டு, சாதாரணப் பதிவு பெற்ற தாதியின் சம்பளத்தைப் பாருங்கள். அதே 2022 கணக்கில் கலிஃபோர்னியாவில் அது சுமார் 133,000 டாலர். டென்னசியில் 72,000 அளவு.

இப்போது கழித்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் முதுநிலை படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆனால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 25,000 டாலர். டென்னசியில்? சுமார் 27,000.

ஏறக்குறைய ஒரே தொகை! அந்தக் கூடுதல் படிப்புக்கும் கூடுதல் பொறுப்புக்கும் இரண்டு மாநிலமும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் கொடுக்கின்றன. வித்தியாசம் மாடியில் இல்லை, தரைத்தளத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சாதாரணத் தாதியின் சம்பளமே மிக உயரத்தில் இருப்பதால், அதற்கு மேல் நிற்பவரும் உயரத்தில் தெரிகிறார். அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் கடன் வாங்கி மேல்படிப்புக்கு யார் போவார்கள்?

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கலிஃபோர்னியாவில் சாதாரணத் தாதியின் சம்பளம் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

1999இல் போட்ட ஒரு கையெழுத்து

அந்த ஆண்டு கலிஃபோர்னிய ஆளுநர் கிரே டேவிஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு தாதி ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைக் கவனிக்கலாம் என்பதற்கு எல்லா மருத்துவமனைகளுக்கும் வரம்பு வைக்கச் சொன்ன சட்டம் அது. அமெரிக்காவில் அப்படி முதலில் செய்தது கலிஃபோர்னியாதான். தாதியர் சங்கம் பல ஆண்டு போராடி வாங்கியது. 2004 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதிக்கு 2 நோயாளிகள், அவசரப் பிரிவில் 4. பொது வார்டில் முதலில் 6, ஓராண்டு கழித்து 5.

அந்த 6ஐ 5 ஆக்குவதைத் தள்ளிப்போடப் பார்த்தார் அப்போதைய ஆளுநர். யார் என்று நினைக்கிறீர்கள்? அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர், நம்ம 'டெர்மினேட்டர்'. அவர் போன இடமெல்லாம் தாதியர் பதாகை பிடித்து நின்றார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 2005இல் தீர்ப்பு தாதியர் பக்கம் வந்தது.

சட்டத்தின் நோக்கம் நோயாளியின் பாதுகாப்பு. ஆனால் அது சம்பளத்தையும் தொட்டது. 30 பேர் படுத்திருக்கும் வார்டில் இத்தனை தாதியர் கட்டாயம் வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டால், "ஆள் இல்லை, இருப்பவர்கள் சமாளியுங்கள்" என்று மருத்துவமனை சொல்ல முடியாது. ஆளைத் தேடவேண்டும். பக்கத்து மருத்துவமனையும் அதே ஆளைத்தான் தேடுகிறது. பிறகு நடந்த ஆய்வுகளில், கலிஃபோர்னிய நகரங்களில் தாதியர் சம்பளம் மற்ற மாநில நகரங்களைவிட வேகமாக ஏறியது தெரிந்தது.

சட்டம் மட்டும் போதாது, சங்கமும் வேண்டியிருந்தது. கலிஃபோர்னியத் தாதியர் சங்கம் நாட்டிலேயே பலமான சங்கங்களில் ஒன்று. சம்பள அட்டவணை, இரவு வேலைக்கான தொகை, அனுபவத்துக்கான உயர்வு எல்லாமே பேச்சுவார்த்தையில் முடிவாகின்றன. டென்னசியில் 1947 முதலே வேறு சட்டம். வேலையிடத்தில் சங்கம் இருந்தாலும், சேரவோ சந்தா கட்டவோ யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 2022 நவம்பரில் வாக்காளர்கள் அதை மாநில அரசமைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். தனிமனித உரிமை என்று அதை ஆதரிப்பவர்களும் உண்டு. ஆனால் சங்கத்தின் கைபலம் குறைந்தால் பேரம் பேசும் பலமும் குறையும்.

வேலை கேட்க வேறு இடம் இருக்கிறதா?

சம்பளம் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் எது? "இல்லையென்றால் பக்கத்து மருத்துவமனைக்குப் போகிறேன்" என்று சொல்ல முடிவதுதான். பக்கத்தில் மருத்துவமனையே இல்லையென்றால்?

டென்னசியின் வடகிழக்கு மூலையில் அதுதான் நடந்தது. போட்டியாக இருந்த இரண்டு மருத்துவமனைக் குழுமங்கள் 2018இல் மாநில அரசின் அனுமதியோடு ஒன்றாக இணைந்தன. இப்போது பெயர் பேலட் ஹெல்த். இணைந்தால்தான் கிராமப்புற மருத்துவமனைகளை மூடாமல் நடத்த முடியும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை எதிர்த்தது. அந்த வட்டாரத்தில் மருத்துவமனை வேலை என்றால் இன்று பெரும்பாலும் அந்த ஒரே முதலாளிதான்.

இது அந்த ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. அமெரிக்க மருத்துவமனை இணைப்புகளைப் பற்றி 2021இல் வெளியான ஓர் ஆய்வு, இணைப்பால் போட்டி பெரிதாகக் குறைந்த இடங்களில் தாதியரின் சம்பள உயர்வு மெதுவடைந்ததைக் காட்டியது. அந்தத் திறன் மருத்துவமனைக்கு வெளியே விலைபோகாது. வேறு எங்கே போவார்கள்?

இன்னொரு பக்கமும் உண்டு. வேலைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நர்ஸ் பிராக்டிஷனர்கள் அதிகம் இருக்கும் மாநிலங்களில் டென்னசியும் ஒன்று. ஆள் தாராளமாகக் கிடைக்கும்போது முதலாளிக்கு அவசரமில்லை.

85 காசு விதி

நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு விதியும் இருக்கிறது. 1997இல் வந்த சட்டத்தின்படி, முதியோருக்கான மெடிகேர் காப்புறுதி ஒரு சிகிச்சைக்கு மருத்துவருக்கு 1 டாலர் கொடுத்தால், அதே சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனருக்கு 85 காசுதான் கொடுக்கும். அதே நோயாளி, அதே ஊசி, அதே ஆலோசனை. வேடிக்கை என்னவென்றால், சில நிபந்தனைகளோடு அதே வேலையை மருத்துவரின் பெயரில் கணக்குக் காட்டினால் முழு 1 டாலர் வரும். வேலை செய்தவர் ஒருவர், ரசீதில் பெயர் இன்னொருவர்.

தனியார் காப்புறுதி நிறுவனங்களைப் பொறுத்தவரை மாநிலங்கள் தங்கள் சொந்த விதியைப் போடலாம். ஆரிகன் 2013இல் போட்டது. ஒரே சிகிச்சைக்கு மருத்துவருக்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கும் ஒரே கட்டணம் கொடுக்கவேண்டும் என்றது. 2022 கணக்கில் அதிகச் சம்பளம் தந்த ஐந்து மாநிலங்களில் ஆரிகனும் ஒன்று. அந்தச் சட்டத்தால் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் ஆரிகனில் சங்கமும் பலம். ஆனால் மருத்துவமனைக்கு வரும் பணமே கூடும்போது, சம்பளம் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

சிங்கப்பூரில் எப்படி?

இங்கே நர்ஸ் பிராக்டிஷனருக்கு இணையானவர் 'அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ்'. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2003இல் இதற்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 2018 முதல் தனிப் பயிற்சி முடித்தவர்கள், மருத்துவர்களோடு சேர்ந்து செயல்படும் ஏற்பாட்டின்கீழ் மருந்தும் எழுதித் தரலாம். பலதுறை மருந்தகத்தில் அப்பா அம்மாவின் நீரிழிவைப் பார்ப்பவர் இவராகவே இருக்கலாம்.

ஈசூனில் ஒரு சம்பளம், பிடோக்கில் ஒரு சம்பளம் என்ற பேச்சு இங்கே இல்லை. நம்முடைய 'மாநில எல்லை' கடற்பாலம்தான். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, ஜொகூரில் பயிற்சி பெற்ற தாதிக்கு எந்தப் பக்கம் கண் போகும் என்பது தெரிந்ததே. அதேபோல் சிங்கப்பூரில் பயிற்சி பெற்றவரை வேறு நாடுகள் இழுக்கின்றன. சுகாதார அமைச்சு 2021 ஜூலையிலிருந்து ஈராண்டில் பொதுத்துறைத் தாதியரின் மாத அடிப்படைச் சம்பளத்தை 5 முதல் 14 விழுக்காடு வரை உயர்த்தியது. 2024இல் 'ஏஞ்சல்' திட்டத்தை அறிவித்தது. பொதுத்துறையில் நீண்டகாலம் பணியாற்றும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும். இரண்டுமே உயர்பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தவை அல்ல என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்கா போகலாமா என்று யோசிக்கிறீர்களா?

அப்படியென்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பெற்ற முதுநிலைத் தகுதியை வைத்து அங்கே நேரடியாக நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பும் தேசியச் சான்றிதழும் வேண்டும். பெரும்பாலானோர் என்கிளெக்ஸ் தேர்வு எழுதி, பதிவு பெற்ற தாதியாகத்தான் தொடங்குகிறார்கள். அதனால் காணொளியில் சொல்லும் 160,000ஐ ஓரமாக வையுங்கள். நீங்கள் போகப்போகும் மாநிலத்தில் சாதாரணத் தாதிக்கு என்ன சம்பளம், பொது வார்டில் ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார், அந்த ஊரில் எத்தனை மருத்துவமனைகள் இருக்கின்றன, அவை எத்தனை முதலாளிகளுக்குச் சொந்தம் என்று முதலில் கேளுங்கள். முகவர் காட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். இடையில் வேலையை விட்டால் கட்டவேண்டிய தொகையும் அதில் எழுதியிருக்கலாம்.