நஷ்டம் எப்படி ஆஸ்தி ஆயிற்று?

“கம்பெனிக்கு நஷ்டம். பஞ்சப்படி உயர்த்த வழியில்லை. 8.33 சதவிகிதத்துக்கு மேல் போனஸ் கேட்காதீர்கள். ஆட்குறைப்புக்குச் சம்மதியுங்கள்.” பேச்சுவார்த்தை மேஜையில் நிர்வாகம் பாடும் பல்லவி இது. இதைக் கேட்டிராத தொழிலாளி உண்டா?

அதே நிர்வாகம் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துப் பங்குதாரர்களுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். ஐந்தொகையின் ஆஸ்திப் பக்கத்தில் நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கு, பாங்கி இருப்பு எல்லாம் வரிசையாக நிற்கும். அவற்றின் நடுவே ஒரு வரி: ‘ஒத்திவைத்த வரி ஆஸ்தி’. பல கம்பெனிகளில் இதன் பெரும்பகுதி வேறொன்றுமில்லை, பழைய நஷ்டம்தான்! ஆலை வாசலில் கந்தல் கட்டிக்கொண்டு அழுத அதே நஷ்டம், உள்ளே பட்டு உடுத்திக்கொண்டு ஆஸ்தியாக உட்கார்ந்திருக்கிறது.

இது என்ன மாயம்?

மாயம் ஒன்றுமில்லை. ஒரு கம்பெனிக்கு இந்த ஆண்டு 100 கோடி ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி இந்த நஷ்டத்தை அது பின்வரும் ஆண்டுகளின் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு 100 கோடி லாபம் வந்தால் இரண்டும் சரிக்குச் சரி, வரி கிடையாது. வரி விகிதம் 25 சதவிகிதமானால் 25 கோடி மிச்சம். நாளை கட்டாமல் விடப்போகும் இந்த 25 கோடியை இன்றைக்கே ஆஸ்தி என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு நஷ்டமும் அந்த அளவுக்குக் குறைந்து காட்சி தருகிறது. இந்த ஆஸ்தி கிடங்கில் இல்லை, பாங்கியில் இல்லை. சர்க்கார் கஜானாவுக்கு வராமல் போகப்போகும் பணம் இது.

கையெழுத்திட்ட வாக்குமூலம்

இங்கேதான் தொழிலாளி கூர்ந்து கவனிக்க வேண்டும். வருங்காலத்தில் லாபமே வராவிட்டால் கழிப்பதற்கு ஒன்றுமிராது, ஆஸ்தியும் பூஜ்யம். ஆகவே லாபம் வருமென்று நம்ப இடமிருந்தால்தான் இதை எழுதலாம் என்று கணக்கு விதி கட்டளையிடுகிறது. பெரிய கம்பெனிகளுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 12 இதைச் சொல்கிறது. நஷ்டத்தில் ஓடிய கம்பெனி எந்த ஆதாரத்தின் பேரில் லாபத்தை எதிர்பார்க்கிறது என்றும் குறிப்பில் தெரிவிக்க வேண்டும். சிறு கம்பெனிகளுக்கான பழைய தரம் 22 இன்னும் கண்டிப்பானது: கிட்டத்தட்ட நிச்சயம் என்று இருந்தாலொழிய நஷ்டத்தை ஆஸ்தியாக்கக் கூடாது.

இதன் அர்த்தம் என்ன? இந்த வரியை எழுதிக் கையெழுத்திடும் டைரக்டர்கள், “நாங்கள் லாபம் சம்பாதிப்போம், அதற்கு ஆதாரம் உண்டு” என்று வாக்குமூலம் கொடுக்கிறார்கள். ஆடிட்டரும் அதைப் பரிசோதித்துச் சான்று தருகிறார். பங்குதாரரிடம் “லாபம் வரும்” என்கிற நாக்கு, தொழிலாளியிடம் “கம்பெனி மீளாது” என்கிறது. ஒரு வாயில் இரண்டு நாக்கு!

டெட்ராய்ட்டில் நடந்தது

இது கற்பனையல்ல. உலகப் பெரும் மோட்டார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் கதையைப் பாருங்கள்.

2007ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார் தொழிலாளர் சங்கத்துடன் புதிய ஒப்பந்தத்துக்குப் பேச்சு நடந்தது. பாரம் தாங்கவில்லை, செலவைக் குறைக்காவிட்டால் பிழைக்க முடியாது என்றது நிர்வாகம். செப்டம்பர் 24-ல் சுமார் 73,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு நாளில் உடன்பாடு ஏற்பட்டது. என்ன உடன்பாடு? பல வேலைகளில் புதிதாகச் சேருவோருக்குப் பழைய தொழிலாளியின் கூலியில் ஏறக்குறைய பாதி. ஓய்வு பெற்றோரின் வைத்தியச் செலவுப் பாரம் கம்பெனியின் தோளிலிருந்து ஒரு தனி நிதியின் தலைக்கு மாறியது. அக்டோபரில் தொழிலாளர்கள் வாக்களித்து இதை ஏற்றார்கள்.

அடுத்த மாதமே, நவம்பரில், கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒத்திவைத்த வரி ஆஸ்தியில் 3,860 கோடி டாலரைத் தள்ளி எழுதுகிறோம்; அந்தக் காலாண்டின் நஷ்டம் சுமார் 3,900 கோடி டாலர் என்றது. உலகமே வாய் பிளந்தது. நாம் கேட்பது வேறு. அந்த ஆஸ்தி அதுவரை எங்கே இருந்தது? கணக்குப் புத்தகத்தில்! பாதிக் கூலிக்குப் பேரம் பேசிய மாதங்களிலெல்லாம், லாபம் வருமென்ற நம்பிக்கை பல்லாயிரம் கோடி டாலர் ஆஸ்தியாக அங்கே எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தம் கையில் வந்த பிறகுதான் அந்த நம்பிக்கை ஆவியாகப் பறந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2009 ஜூன் 1-ல் கம்பெனி திவால் மனுப் போட்டது. அமெரிக்க சர்க்கார் ஏறத்தாழ 4,950 கோடி டாலர் போட்டு அதைத் தூக்கி நிறுத்தியது. உடைமை கைமாறினால் பழைய நஷ்டத்தைக் கழிக்கக் கடும் வரம்பு உண்டு என்பது அந்நாட்டுச் சட்டம். சர்க்கார் உதவி பெற்ற கம்பெனிகளுக்கு அந்த வரம்பைக் கருவூல இலாகா தளர்த்திவிட்டது. புதிய கம்பெனி பழைய நஷ்டத்தைச் சீதனமாகப் பெற்றது! 2012ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில், “இனி லாபம் உறுதி” என்று சொல்லி 3,400 கோடி டாலருக்கு மேல் வரி ஆஸ்தியை மறுபடி புத்தகத்தில் ஏற்றினார்கள். 2013 டிசம்பரில் சர்க்கார் தன் கடைசிப் பங்கையும் விற்றபோது, பொதுஜனங்களின் பணத்தில் 1,000 கோடி டாலருக்கு மேல் திரும்பி வரவில்லை. அந்த நஷ்டத்தை எந்த ஜனங்கள் எந்த வரியில் கழித்துக்கொள்வது?

‘வெறும் புத்தகப் பதிவு’

முதலாளித்துவப் பொருளாதாரப் பண்டிதர்கள் இரண்டு பதில் சொல்லுவார்கள்.

“இது வெறும் புத்தகப் பதிவு, பணம் கைமாறவில்லை” என்பது முதலாவது. எழுதும்போது கைமாறவில்லை, உண்மை. ஆனால் லாபம் வரும் ஆண்டில் வரி கட்டாமல் விடுகிறார்களே, அது பணமில்லையா? அந்தப் பணம் பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் ஆகியிருக்காதா?

“ஓர் ஆண்டு நஷ்டம், ஓர் ஆண்டு லாபம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்” என்பது இரண்டாவது. நஷ்டத்தைக் கழிப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. சிறு வியாபாரியும் ரிட்டர்ன் போட்டால் எட்டு ஆண்டு வரை கழிக்கலாம். ஆனால் ஆறு மாதம் வேலையின்றிக் கிடந்த தொழிலாளி, இழந்த சம்பளத்தை அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் கழிக்க முடியுமா? வருமான வரி வரம்பையே எட்டாத கைத்தறி நெசவாளிக்கு, கழிக்கும் உரிமையால் என்ன லாபம்? அவன் நஷ்டம் ஆஸ்தியாவதில்லை, கந்துவட்டிக் கடனாகிறது.

நம் நாட்டிலும்

இங்கே வியாபார நஷ்டத்துக்கு எட்டு ஆண்டு. கழிக்காமல் மிஞ்சிய தேய்மானத்துக்கோ ஆண்டு வரம்பே கிடையாது. நலிந்த கம்பெனியை இணைத்துக்கொள்ளும் கம்பெனி, அதன் நஷ்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 72-ஏ பிரிவு இடம் கொடுத்தது. இணைப்பு நடந்தால் எட்டு ஆண்டுக் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த ஓட்டையை 2025 நிதிச் சட்டம்தான் அடைத்தது.

திவால் சட்டத்தின் கீழ் விலைபோகும் கம்பெனிகளுக்கு, உடைமை மாறினாலும் நஷ்டத்தைக் கழிக்க 2018 நிதிச் சட்டம் வழி திறந்தது. இத்தகைய பேரங்களில் பாங்கிகளும் மற்றக் கடன்காரர்களும் மொத்தத்தில் பெற்றது, ஒப்புக்கொண்ட கடனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தொழிலாளிக்கோ? கம்பெனியைக் கலைத்து விற்றால், அவனுடைய 24 மாதச் சம்பளப் பாக்கிக்குத்தான் முன்வரிசையில் இடம். அதற்கு முந்திய பாக்கி பின்னால் நிற்க வேண்டும். முதலாளியின் நஷ்டத்துக்கு எட்டு ஆண்டு ஆயுள். தொழிலாளியின் கூலிக்கு இரண்டே ஆண்டு! இதுதான் இவர்கள் பேசும் சமத்துவம்.

என்ன செய்வது?

சங்கத் தோழர்கள் இனி வெறுங்கையோடு பேச்சுவார்த்தைக்குப் போகக்கூடாது. ஆண்டறிக்கையில் வருமான வரி பற்றிய குறிப்பை எடுங்கள். ஒத்திவைத்த வரி ஆஸ்தியை இனம் இனமாகப் பிரித்திருப்பார்கள். இன்னும் கொடுக்காத கிராஜுவிட்டி போன்றவையும் அதில் இருக்கும், அவற்றை ஒதுக்குங்கள். முன்கொண்டு செல்லும் நஷ்டத்துக்காக எவ்வளவு என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்து ஒத்திவைத்த வரிப் பொறுப்புக்கு ஈடுகட்டியது போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிடுங்கள். மிஞ்சினால், அந்தப் பக்கத்தை மேஜைமேல் விரித்து வைத்து, “லாபம் வரும் என்று கையெழுத்திட்டவர் நீங்கள்தானே?” என்று கேளுங்கள். எதுவும் எழுதியிராவிட்டால், நிர்வாகத்தின் அச்சம் உண்மையாகவும் இருக்கலாம். அதையும் தெரிந்துகொண்டு பேசுவதே நல்லது.

சர்க்காரிடம் நாம் கேட்பது இரண்டு. கைமாறும் ஒவ்வொரு கம்பெனியும் பழைய நஷ்டத்தைக் காட்டி எவ்வளவு வரி மிச்சம் பிடித்தது என்பதை ஜனங்களுக்குப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். தொழிலாளியின் பாக்கி முழுவதையும் தீர்க்காத எவருக்கும் பழைய கம்பெனியின் நஷ்டத்தைக் கழிக்கும் உரிமை கூடாது.

நஷ்டம் என்றால் எல்லோருக்கும் நஷ்டமாக இருக்கட்டும். ஆஸ்தி என்றால், அதில் உழைத்தவனின் பங்கு எங்கே என்று கேட்போம்!