‘மறந்துடு’ன்னு சொல்லாதீங்க!

1994 ஏப்ரல் 7... ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கிய நாள். சுமார் 100 நாள்களில் கிட்டத்தட்ட 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்களில் பலருக்கு, ஏப்ரல் நினைவுநாள் கூட்டங்களில் திடீரென மூச்சு முட்டும், உடல் நடுங்கும், கதறிக்கொண்டே சரிந்துவிடுவார்கள். அந்த மக்கள் இதை ‘இஹஹாமுகா’ என்கிறார்கள். மூச்சே நின்றுபோவதுபோல் திணறுவது என்று பொருள்.

அதற்காகவே பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அங்கே தயாராக இருப்பார்கள். சரிந்தவரைத் தாங்கி, அமைதியான இடத்துக்கு அழைத்துப்போய், அவர் தெளியும்வரை பக்கத்திலேயே இருப்பார்கள்.

நாமோ, பறிகொடுத்தவரிடம் முதலில் சொல்வதே, ‘அதையே நினைக்காதே, மறந்துடு!’ நினைவு என்ன, சொன்னால் கேட்குமா?

அடுத்த முறை சும்மா பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். நாள் கணக்கில் தூக்கமின்றித் தவித்தால், மனநல மருத்துவரிடம் துணைக்குப் போங்கள்.