கையெழுத்திட மறுக்கும் உரிமை

பெரிய நிறுவனங்களின் தலைமை நிதி அதிகாரிகளைப் பற்றி வரும் நேர்காணல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பட்டயக் கணக்காளர் தேர்வு, தணிக்கை நிறுவனத்தில் தொடக்க ஆண்டுகள், பிறகு ஓர் உற்பத்தி நிறுவனம், அதன்பின் பன்னாட்டு நிறுவனம், சில கையகப்படுத்தல்கள், ஒரு பங்கு வெளியீடு. இறுதியில், ‘நிதி அதிகாரி வெறும் கணக்குப்பிள்ளை அல்லர், தொழிலின் பங்காளி’ என்னும் வாசகம். முப்பதாண்டு அனுபவத்தை இவ்வாறு சுருக்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படுவதேயில்லை: அவர் எந்தத் தாளில் கையெழுத்திட மறுத்தார்?

கணக்குப்பிள்ளை என்பது இகழ்ச்சிச் சொல்லாகிவிட்டது வருந்தத்தக்கது. முதலாளியே கேட்டாலும், இல்லாத தொகையைப் பேரேட்டில் இருப்பாகக் காட்டாதவரே நல்ல கணக்குப்பிள்ளை. பதவியின் பெயர் நீண்டு, ஊதியம் கோடிகளில் ஏறிய பின்னும் அப்பணியின் கரு மாறிவிடவில்லை.

இந்தியாவில் இப்பதவிக்குத் தனி மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் டி.வி. மோகன்தாஸ் பை முக்கியமானவர். பட்டயக் கணக்காளரான அவர் 1994இல் இன்ஃபோசிஸில் சேர்ந்து, 2006 வரை அதன் நிதிப் பொறுப்பை வகித்தார். அவர் சேர்வதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நிறுவனம் பங்கு ஒன்று 95 ரூபாய் என வெளியிட்டு, பொதுமக்களிடம் போதிய வரவேற்பின்றித் திணறியிருந்தது. சுட்டிக்காட்டப் பெரிய ஆலையோ எந்திரமோ இல்லை. மென்பொருள் எழுதும் இளைஞர்கள் இருந்தார்கள். அத்தகைய நிறுவனம் எதைக் காட்டி முதலீட்டாளரின் நம்பிக்கையைக் கேட்க முடியும்? கணக்கைத் திறந்து காட்டுவதையே அது தன் முதலாக்கிக்கொண்டது. ஜப்பான், பிரான்சு, ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளின் கணக்கியல் நெறிப்படியும் தன் கணக்குகளை ஆண்டறிக்கையில் வெளியிட்டது. ஊழியரின் மதிப்பையும் வணிகப் பெயரின் மதிப்பையும் கணக்கிட்டுத் துணைத் தகவலாகத் தந்தது. (மனிதரை ரூபாயில் மதிப்பிடும் அந்த முறையின்மேல் நியாயமான ஐயங்கள் உண்டு, அது வேறு விவாதம்.) 1999 மார்ச்சில், இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனங்களுள் முதலாவதாக அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் அது இடம்பெற்றதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம். 2006இல் பை அப்பொறுப்பை வி. பாலகிருஷ்ணனிடம் ஒப்படைத்துவிட்டு மனிதவளத் துறைக்கு மாறினார்.

ஆயினும் இதைத் தனிமனிதத் துணிவின் கதையாக மட்டும் சொல்வது பாதி உண்மையே. அங்கே நிறுவனர்களும் வெளிப்படைத்தன்மையை விரும்பினார்கள். அதனால் ஆதாயமும் அடைந்தார்கள். முதலாளியும் நிதி அதிகாரியும் ஒரே திசையில் நடக்கும் இடத்தில் நேர்மைக்குச் செலவு குறைவு. திசைகள் பிரியும் இடத்தில்தான் பதவியின் உண்மையான கனம் தெரியவரும்.

சத்யம் நிறுவனத்துக்கு நியூயார்க் பங்குச்சந்தையில் இடம் இருந்தது. பெயர்பெற்ற தணிக்கையாளர் இருந்தார். நிறுவன ஆளுகைக்காக 2008இல் தரப்பட்ட விருதும் இருந்தது. கணக்குகள் உண்மையானவை எனத் தலைமை நிர்வாகியும் தலைமை நிதி அதிகாரியும் சான்றளிக்க வேண்டும் என்ற விதி 2006இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. எல்லாம் இருந்தும், 2009 ஜனவரி 7 அன்று நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத தொகை என்று ஒப்புக்கொண்டது. 2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்த பத்துப் பேருள் முன்னாள் தலைமை நிதி அதிகாரியும் ஒருவர். அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கின் போக்கு எவ்வாறாயினும், ஒன்று தெளிவு. வங்கியில் பணம் இருக்கிறதா என்று கண்டறிய மேதைமை தேவையில்லை. வங்கியையே நேரடியாகக் கேட்டு, விடை வரும்வரை பேனாவை மூடி வைத்திருந்தால் போதும்.

சத்யத்தில் நேர்ந்தது அப்பட்டமான பொய். அன்றாட நெருக்கடி அதைவிட நுட்பமானது. மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அது தொடங்கும். ஏப்ரலில் அனுப்பவிருக்கும் சரக்கை மார்ச் விற்பனையில் சேர்க்கலாமா? வாராக்கடன் எனத் தோன்றும் தொகைக்கு ஒதுக்கீட்டை அடுத்த காலாண்டுக்குத் தள்ளலாமா? இந்த ஆண்டின் செலவை எதிர்காலச் சொத்தாகக் காட்டலாமா? அதிக விலைக்கு வாங்கிய துணை நிறுவனத்தின் மதிப்பை இன்னும் குறைக்காமல் வைத்திருக்கலாமா? இவற்றுள் பலவற்றுக்கு விதிப்புத்தகத்தில் ஒற்றை விடை இல்லை. மதிப்பீடும் மனச்சான்றும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியவை. அந்த மதிப்பீட்டைச் செய்பவரின் ஆண்டு ஊக்கத்தொகை லாபத்தையும், கையிலுள்ள பங்குகள் சந்தை விலையையும் சார்ந்திருக்கின்றன. அவருடைய பணித்திறனை மதிப்பிடுபவரோ, அந்த லாபத்தை ஏற்கெனவே சந்தைக்கு வாக்களித்துவிட்ட நிர்வாக இயக்குநர்.

சட்டம் இந்த மனிதரிடம் நிறையக் கேட்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் அவரை முதன்மை நிர்வாகப் பணியாளராக்கியது. நிதிநிலை அறிக்கைகளில் கையெழுத்திடச் சொன்னது. மோசடி நிரூபணமானால் பத்தாண்டு வரை சிறை என்கிறது. செபியின் விதிகள் சான்றிதழும் கேட்கின்றன. பதிலுக்குச் சட்டம் அவருக்குத் தருவது என்ன? அவரை நியமிக்கத் தணிக்கைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதே குறிப்பிடத்தக்க ஏற்பாடு. அதே விதித்தொகுப்பில், தலைமை உள் தணிக்கையாளரை நீக்குவதும் அவருடைய ஊதிய நிபந்தனைகளும் தணிக்கைக் குழுவின் மீளாய்வுக்கு உட்பட்டவை என்று எழுதப்பட்டிருக்கிறது. நிதி அதிகாரியின் நீக்கத்தைப் பற்றி அவ்வாறான சொல் இல்லை. கையெழுத்துக்குத் தண்டனை உண்டு. மறுப்புக்குப் பாதுகாப்பு இல்லை.

மனச்சான்று உறுத்தினால் விலகலாமே என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி. விலகுகிறார்கள். 2023இல் செபி கொண்டுவந்த திருத்தத்தின்படி, விலகும் நிதி அதிகாரியின் கடிதமும் அவர் கூறும் விரிவான காரணங்களும் விலகல் நடைமுறைக்கு வந்த ஏழு நாள்களுக்குள் பங்குச்சந்தைகளுக்குத் தரப்பட வேண்டும். நல்ல திருத்தம். ஆனால் சந்தைகளின் இணையதளங்களில் அக்கடிதங்களைப் புரட்டிப் பார்ப்போர் ‘சொந்தக் காரணங்கள்’, ‘வேறு வாய்ப்புகளை நாடி’ என்னும் இரு தொடர்களைச் சலிக்கச் சலிக்கக் காண்பார்கள். அடுத்த வேலையைத் தேட வேண்டிய ஐம்பது வயதுக்காரர் பழைய முதலாளியின் குறையைப் பொதுவெளியில் எழுதுவார் என எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

சுயேச்சை இயக்குநர் விலகும்போது, தாம் கூறியவை தவிர முக்கியக் காரணம் வேறு இல்லை என்று உறுதி கூற வேண்டும். கணக்குகளை ஆண்டுக்குச் சில கூட்டங்களில் பார்ப்பவரிடம் கேட்கும் இந்த உறுதிமொழியை, அவற்றோடு நாள்தோறும் வாழ்பவரிடம் கேட்காதது ஏன்? அந்த ஒரு வரி கட்டாயமானால் அவர் எழுதும் காரணம் பழிவாங்கலாகத் தோன்றாது, சட்டக் கடமையாகிவிடும். பொய்யாக உறுதி கூறினால் பின்னாளில் அதுவே அவருக்கு எதிரான சான்றாகும் என்பதால், எழுதுவதற்குமுன் இருமுறை எண்ணவும் செய்வார். அவரை நீக்கத் தணிக்கைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது அடுத்த திருத்தமாக இருக்கலாம். அக்குழு, நிர்வாக இயக்குநர் இல்லாத தனி அமர்வில், காலாண்டுக்கு ஒருமுறையேனும் அவரைச் சந்திப்பது மூன்றாவது. இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. குழுவின் தலைவர் நாளையே தொடங்கிவிடலாம். அந்த அமர்வில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்தக் காலாண்டில் எந்த எண்ணை மாற்றச் சொல்லி அவரிடம் கேட்டார்கள் என்பது.