கோடையில் பள்ளிப் புத்தகங்கள் பிள்ளைகளின் வீட்டில் இருக்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்துவதையும், பார்த்து எழுதும் வீட்டுப்பாடத்தைச் சுமத்தி அனுப்புவதையும் நாங்கள் எதிர்க்கிறோம். அதே சமயம், ஒவ்வோர் அரசுப் பள்ளியும் தன்னிடம் உள்ள கதைப் புத்தகங்களைக் கடைசி வேலை நாளன்று பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கோருகிறோம்.

விடுமுறையில் பிள்ளைகள் மறந்துபோவது உண்மைதான். ஏப்ரலில் 52-இலிருந்து 27-ஐக் கடன் வாங்கிச் சரியாகக் கழித்த பிள்ளை, ஜூனில் 35 என்று விடை எழுதுகிறது. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த இன்னொரு பிள்ளை, மெய்யெழுத்து வரும் இடத்திலெல்லாம் நின்று ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது. இந்த மறதி எல்லா வீட்டிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெற்றோர் விடிந்ததும் செங்கல் சூளைக்கோ நூறு நாள் வேலைக்கோ கிளம்பிவிடும் வீட்டில், பாடநூலை விட்டால் அச்சடித்த தாள் என்று இருப்பது மளிகைக் கடைக்காரர் தந்த நாள்காட்டி மட்டும்தான்.

கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியிருந்ததால் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் இழந்ததை அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் அளந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அப்படி மீண்டதில் சுமார் 24 சதவீதம், தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தர 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. தெருவில் தெரிந்த அக்கா ஒருவர் மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததற்கு அவ்வளவு பலன் இருந்திருக்கிறது. கோடைக்கும், வகுப்பறைக்கு வெளியே தெரிந்தவர் துணையோடு கற்கும் இந்த வழிதான் ஏற்றது. அக்னி நட்சத்திர வெயிலில் வகுப்பறையில் அடைத்துவைத்து நடத்தும் பாடம் பிள்ளையின் மனதில் ஒட்டாது. பாட்டி வீடு, ஊர்க் குளம், திண்ணையில் கோடு கிழித்து ஆடும் தாயம் எல்லாம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியவை. அவற்றைப் பறிக்க எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது.

வீட்டில் வாசிக்கப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்கான சின்னஞ்சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் சிறுவர் இதழ்களும் பள்ளிக்கு வருகின்றன. ஆனால் ஏப்ரல் முடியும்போது எல்லாம் தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் போய்விடுகின்றன. ஆசிரியர்களைக் கேட்டால் தயங்கித்தான் காரணம் சொல்கிறார்கள்: இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் தணிக்கையின்போது யார் பதில் சொல்வது? இந்தப் பயம் நியாயமானது. அதைப் போக்க வேண்டியது அரசின் வேலை. கோடைக்கு வழங்கிய புத்தகங்களில் கிழிந்தவையும் தொலைந்தவையும் பயன்பாட்டுத் தேய்மானமாகக் கழிக்கப்படும், ஆசிரியரிடம் தொகை பிடிக்கப்படாது என்று பள்ளிக் கல்வித் துறை எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும். பிள்ளைகள் புரட்டிப் புரட்டிக் கிழிந்துபோன புத்தகத்தை நட்டக் கணக்கில் சேர்ப்பது எங்களுக்கு வேதனை தருகிறது.

பொது நூலகங்களுக்குச் சட்டம் இயற்றிய முதல் மாகாணம் சென்னை, ஆண்டு 1948. சொத்து வரியோடு நூலக வரியை இன்றும் கட்டிவருகிறோம். எனவே மே மாதத்தில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் வெயில் தாழ்ந்த பின்பும் திறந்திருக்க வேண்டும் என்றும், பள்ளிப் பிள்ளைகளைக் காப்புத்தொகை வாங்காமல் உறுப்பினராக்க வேண்டும் என்றும் கேட்பதில் தவறில்லை.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். நாளும் சிறிது நேரம் பிள்ளை வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கலாம். கதையைத் தொடர்ந்து சொல்ல அந்தக் கேள்வியே பிள்ளைக்குப் போதும். ஜூனில் இந்த வாசிப்புக்குத் தேர்வு வைக்கக் கூடாது, மதிப்பெண்ணும் போடக் கூடாது என்று ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். மதிப்பெண் வந்துவிட்டால் கதைப் புத்தகமும் பாடநூல் ஆகிவிடும்.

ஆண்டுத் தேர்வு தொடங்குமுன் பள்ளிக் கல்வித் துறையின் அந்த ஆணை வர வேண்டும். வந்தால், புத்தகங்களைப் பெயர் எழுதிக் கொடுப்பதிலும், தெருவுக்குள் பிள்ளைகள் மாற்றிக்கொள்ள உதவுவதிலும், பள்ளி திறந்ததும் திரும்ப வாங்கி அடுக்குவதிலும் எங்கள் தன்னார்வலர்கள் பள்ளிகளோடு நிற்பார்கள்.